ரிஜிஸ்டரம்மா போட்ட நாற்பத்தொரு டிக்

எண்ணிக்கை நாளன்று காலை பத்து மணிக்கு ரிஜிஸ்டரம்மா அலுவலக அறைக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மாணவர் எண்ணிக்கை முப்பத்து மூன்று என்று அது சொன்னது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முப்பத்து மூன்றேதான்.

பள்ளிக்கூடத்தில் எழுபத்து நான்கு பிள்ளைகள். அன்றைக்கு எழுபத்து நான்கு பேரும் வந்திருந்தார்கள். ஒருத்தருக்குக்கூடச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. முந்தின நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்கு மட்டும் லீவு போட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஐந்து வகுப்பிலும் தலையை எண்ணிவிட்டுத்தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் இரண்டாம் வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது. இத்தனை சத்தம் போடுகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் இங்கே இல்லவே இல்லை என்று ஒரு பெட்டி சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது?

அறுபது என்பது சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் கொண்டு வந்தது. எண்ணிக்கை நாளில் அறுபது பிள்ளை இல்லாத அரசுப் பள்ளியை மூடிவிட்டு, இருப்பவர்களைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பக்கத்துப் பள்ளி என்று தாளில் எழுதிவிடலாம். நடந்து பார்த்தால்தானே தெரியும் அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று. நான்கு கிலோமீட்டர், நடுவில் லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கிற பெரிய சாலை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதைத் தாண்டிப் போய்ப் படித்துக்கொள்ளும் என்று முடிவு செய்த புண்ணியவான்கள் அந்தச் சாலையைக் காரில் இருந்தபடிதான் பார்த்திருப்பார்கள்.

எண்ணிக்கைப் பக்கம் வருஷத்தில் ஒரே நாள் திறக்கும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை. அதில் வருகிற எண்ணைப் பார்த்து 'சரி' என்று அழுத்தினால் அந்த வருஷத்துக்குப் பள்ளிக்கூடம் பிழைத்தது. அறுபதுக்கு எழுபத்து நான்கு இருக்கிறதே என்று தலைமையாசிரியை நிம்மதியாகத்தான் வகுப்பெடுக்கப் போயிருந்தார்.

ரிஜிஸ்டரம்மா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "மேடம், கொஞ்சம் வாங்களேன்" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள்.

அவள் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த அடி எப்பேர்ப்பட்டது என்று புரியாது. இருபத்து நான்கு வயதில், பிரசவத்துக்குப் போன எழுத்தருக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு என்று வந்தவள். போனவர் திரும்பி வரவில்லை, வந்தவள் போகவில்லை. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு இரும்பு பீரோ, அதில் ஒன்றுக்குக் கதவு மூடாது. ஒரு மேஜை, முத்திரை, மை உலர்ந்துகொண்டே இருக்கும் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாய். இதுதான் அவளுடைய ராஜ்ஜியம்.

அந்த இருபத்தாறு வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டை எங்கே திறந்தாலும் ஒரு அடித்தல், ஒரு திருத்தல் பார்க்க முடியாது. மேலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிவிட்டு, "மத்த பள்ளிக்கூடத்துக்காரங்களை இங்க அனுப்பிப் பாக்கச் சொல்லணும்" என்பார்கள். ரிஜிஸ்டரம்மா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவள் புருஷன் கடிகாரம் பழுது பார்க்கிறவர், வாயைத் திறந்தால் கிண்டல். "என் பொண்டாட்டி எழுதின மளிகைச் சீட்டைக் கடைக்காரன் கிழிக்க மனசில்லாம பத்திரமா வச்சிருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவளுக்கு அது பெருமைதான். தப்பில்லாமல் எழுதுகிறவள் என்ற பெருமை. அந்தப் பெருமையில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதையும் மறைப்பானேன்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. காலியாக விட்ட கட்டம். வேலைக்கு வந்த மூன்றாவது மாதம், இலவச மூக்குக் கண்ணாடிக்குப் பதினோரு பிள்ளைகளின் படிவத்தை அனுப்பினாள். ஒரு படிவத்தில் 'தாயின் வயது' என்ற கட்டம் விட்டுப்போயிருந்தது. மேலிடம் பதினொன்றையும் மொத்தமாகத் திருப்பி அனுப்பியது. திருத்தி அனுப்புவதற்குள் கெடு முடிந்துவிட்டது. அந்த வருஷம் முழுக்கப் பதினோரு பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்ததை அவள் தினமும் பார்த்தாள். அன்றைக்கு எடுத்த சபதம்தான், எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடுவதில்லை. எழுத ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுவாள். டிக் போடுகிற கட்டம் என்றால் டிக் போட்டுவிடுவாள்.

அரசாங்கம் போன வருஷம் இன்னொன்றும் கொண்டு வந்தது. விருப்பப் பள்ளித் திட்டம் என்று பெயர். பெற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், குலுக்கலில் பெயர் விழுந்தால் கட்டணத்தை அரசாங்கமே கட்டும். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருஷமாக அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. ஆள் போட நிதி இல்லை என்று கடிதம் எழுதிய அதே அலுவலகம்தான் இந்தத் திட்டத்துக்கு ஆள் உயரத்துக்குப் பலகை வைத்தது. தலைமையாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க ஒரு வாத்தியார் போட வக்கில்லை, அங்க கட்டணம் கட்ட மட்டும் எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பெற்றவளைப் போய்க் கேட்டால் அவளும் நியாயமாகத்தான் பேசுவாள். வாத்தியார் எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு வயசு நிற்குமா?

எந்த அரசுப் பள்ளி அலுவலகத்திலும் விண்ணப்பத்தைப் பதியலாம் என்று விதி இருந்தது. இந்த வருஷத்து விண்ணப்பம் தொடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே பெற்றவர்கள் வரிசை கட்டினார்கள். "நம்ம கையாலேயே நம்ம பிள்ளைங்களை வெளிய அனுப்பணுமா?" என்று தலைமையாசிரியை வருத்தப்பட்டார்.

"நாம பண்ணலைன்னா நெட் சென்டர்ல போய்த் தப்பும் தவறுமாப் போட்டுடுவாங்க மேடம். நான் போட்டாத் தப்பு வராது" என்றாள் ரிஜிஸ்டரம்மா.

மூன்று வாரத்தில் நாற்பத்தொரு விண்ணப்பம் பதிந்தாள். முதல் விண்ணப்பம் அவள் சொந்தத் தங்கை மகளுக்கு.

தங்கை அவளைவிடப் பதினான்கு வயது சின்னவள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ரிஜிஸ்டரம்மாதான். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து மகளை வளர்க்கிறாள். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. வாத்தியார் இல்லாத அந்த வகுப்புக்கு, அலுவலக வேலை இல்லாத நேரத்தில் ரிஜிஸ்டரம்மாவே போய்க் கணக்குப் போட்டுக் காட்டுவாள். போன வாரம் குலுக்கல் நடந்தது. நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேருக்கு இடம் விழுந்தது. ஒன்பதில் குட்டியும் ஒருத்தி. அடுத்த மாதம் முதல் தேதி புதுப் பள்ளிக்கூடம். அந்தச் சாயங்காலம் தங்கை அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, அதை ரிஜிஸ்டரம்மா தங்கையின் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். தலைமையாசிரியை வந்து பார்த்தார். "பக்கம் மாறி இருக்கும். வேற பள்ளிக்கூடத்தைத் திறந்திருப்பீங்க" என்றார். பள்ளியின் பெயர் சரியாகத்தான் இருந்தது. பெயர்ப் பட்டியலைத் திறந்தார்கள். முப்பத்து மூன்று பெயர் கறுப்பில் இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியல். தலைப்பு 'விலகியவர்கள்'. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று.

"யாரு விலகினா? எல்லாரும் உள்ளதானே உக்காந்திருக்காங்க" என்றார் தலைமையாசிரியை.

ரிஜிஸ்டரம்மா பட்டியலில் விரலை வைத்துப் படித்தாள். முதல் பெயர் குட்டியின் பெயர். பெயருக்கு நேரே எழுதியிருந்தது: விலகல் சம்மதம் பெறப்பட்டது. பதிவு செய்தவர், பள்ளி எழுத்தர். தேதி, மணி, நிமிஷம்கூட இருந்தது. இரண்டாவது பெயருக்கும் அதுதான். நாற்பத்தொன்றாவது பெயருக்கும் அதுதான்.

பழைய விண்ணப்பம் ஒன்றைத் திறந்தார்கள். அத்தனை கட்டங்களுக்கும் அடியில், கடைசியாக ஒரு சின்னக் கட்டம். 'குலுக்கல் முடிவு எதுவாயினும், இன்று முதல் தற்போதைய பள்ளியிலிருந்து விலகச் சம்மதிக்கிறேன். விருப்பம் இருந்தால் மட்டும்.' அதில் அழகாக ஒரு டிக்.

"இதைப் போடாம விட்டா விண்ணப்பம் போகாதா?" என்று கேட்ட தலைமையாசிரியை, பதிலுக்குக் காத்திராமல் புதிதாக ஒரு படிவத்தைத் திறந்தார். வாயில் வந்த பெயரையெல்லாம் போட்டார், கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டார், அடுத்தது என்று அழுத்தினார். கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. பதியாமல் அதை மூடிவிட்டு அவர் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

பேயறைந்தது போல என்று சும்மா சொல்லுகிறோம். அன்றைக்கு அந்த அறையில் இரண்டு பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தப்புப் போட்டால் கைத்தவறுதல். நாற்பத்தொரு பிள்ளைக்கு, மூன்று வாரம், நிதானமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டிருக்கிறாள். இரண்டு மாதமாக அந்தப் பிள்ளைகள் இதே பெஞ்சில் உட்கார்ந்து, இதே தட்டில் சாப்பிட்டு, காகிதத்து வருகைப் பதிவேட்டில் தினமும் 'இருக்கேன்' சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. பள்ளிக்கூடத்தை மூட வெளியிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்த அவளே வழித்துத் துடைத்துவிட்டாள்.

"ஒன்பது பேர் போனாலும் அறுபத்தஞ்சு இருந்திருக்கும். தாராளமாத் தாண்டியிருப்போம்" என்றார் தலைமையாசிரியை. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதினோரு மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து அலுவலர் வந்தார். எண்ணிக்கை நாளில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் வருவது வழக்கம். இவர் நல்ல மனிதர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை, நெற்றியில் வியர்வை. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே ஐந்து வகுப்புக்கும் போய் எண்ணினார். சமையல்காரம்மா வேறு கழுவிய தட்டுகளை அவர் முன்னால் அடுக்கிக் காட்டினாள்.

"எழுபத்து நாலு தட்டு சார். எண்ணிக்குங்க. பேய் பிசாசா வந்து சாப்பிட்டுட்டுப் போகுது?"

"எனக்குத் தெரியுதும்மா" என்றார் அலுவலர். "என் கண்ணை நான் நம்புறேன். ஆனா நான் அனுப்ப வேண்டியது என் கண்ணை இல்லையே, இதுல இருக்கிற எண்ணைத்தானே."

வெளியே போய் அரை மணி நேரம் யார் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வழி இருக்கிறது, ஆனால் நல்ல வழி இல்லை என்று ரிஜிஸ்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு விதி இருக்கு. பெற்றவங்க சம்மதம் இல்லாம எழுத்தர் தானா டிக் போட்டுட்டார்னா, அந்தப் பதிவு குறைபாடுள்ள பதிவு. நீங்க எழுத்துல ஒத்துக்கிட்டா ரத்து பண்ணலாம். ரத்தானா நாற்பத்தொரு பேரும் திரும்ப இந்தப் பள்ளிக்கு வந்துடுவாங்க. நாலு மணிக்குள்ள பண்ணணும்."

"இப்பவே எழுதித் தரேன் சார்" என்றாள்.

"முழுசாக் கேளுங்க. உங்க மேல நடவடிக்கை வரும். மெமோ நிச்சயம், சஸ்பெண்ட்கூட ஆகலாம்."

"வரட்டும் சார்."

"இன்னும் ஒண்ணு இருக்கு. ஒரே எழுத்தர் கணக்குல பதிஞ்சது எல்லாத்தையும் சேர்த்துத்தான் ரத்து பண்ண முடியும். இவங்களை எடு, இவங்களை விடுன்னு பிரிக்க வழியில்லை. நானும் கேட்டுப் பாத்துட்டேன். குலுக்கல்ல ஜெயிச்ச ஒன்பது பேரோட இடமும் சேர்ந்துதான் போகும். அவங்களுக்கு இந்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது."

எழுதக் காகிதத்தை எடுத்த கை அப்படியே நின்றது. தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுப் பிள்ளை அதுல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். இங்கே கரணமே போட முடியவில்லை. எழுதினால் ஒன்பது பிள்ளைகளின் இடம் போகும். எழுதாவிட்டால் முப்பத்திரண்டு பிள்ளைகள் எங்கேயும் இல்லை, அவர்களோடு சேர்ந்து மற்ற முப்பத்து மூன்று பேரும் லாரிச் சாலையைத் தாண்ட வேண்டும். யாரைக் கேட்பது? தங்கையிடம் சொல்லாமல் எழுத அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஜெராக்ஸ் கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தங்கை இயந்திரத்தின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"என்னக்கா இந்நேரத்துல? மாமாவுக்கு ஏதாவதா?"

"மாமா நல்லாத்தான் இருக்கார். நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வா."

கடைக்குப் பின்னால், காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த சந்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த பிறகு தங்கை, "அந்தக் கடைசிக் கட்டமா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விருப்பம் இருந்தால் மட்டும்னு போட்டிருந்ததே. குட்டிக்கு நீ போடும்போது நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். இதை விட்டுடலாமாக்கான்னு கேட்டேன். 'நீ ஜெராக்ஸ் எடுக்கிற வேலையைப் பாரு, பாரம் நிரப்புறதை என்கிட்ட விடு'ன்னு சொல்லிட்டுச் சிரிச்ச."

ரிஜிஸ்டரம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. ஆமாம், சொன்னாள். செல்லமாகக் கன்னத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். காலையில் கம்ப்யூட்டர் தந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தெரியாமல் செய்த தப்பு என்று அதுவரை தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். பத்தாவது தாண்டாத தங்கை படித்துப் பார்த்திருக்கிறாள். இருபத்தாறு வருஷ அனுபவம் படிக்கவில்லை. காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பத்திரண்டு பேர்டி" என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியும். அவங்க எல்லாருக்கும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன்." தங்கையின் குரல் உயரவே இல்லை. "உன் பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்லலைக்கா. ஆனா ரெண்டு வருஷமா அந்த வகுப்புல வாத்தியார் இல்லை. பாரம் எழுதின நேரம் போக மிச்சத்துல நீ வந்து கணக்குப் போடுற. பிள்ளை இன்னும் கழித்தலுக்குக் கடன் வாங்கத் தெரியாம முழிக்குது. எனக்கு இத்தனை வருஷத்துல எந்தக் குலுக்கல்லயும் ஒண்ணும் விழுந்ததில்லை. முதல் தடவையா என் பிள்ளைக்கு ஒண்ணு விழுந்துச்சு."

"நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"என்னைக் கேக்காதே. சரின்னு சொன்னா என் பிள்ளை வாயில நானே மண்ணைப் போட்ட மாதிரி. வேண்டாம்னு சொன்னா அத்தனை பிள்ளைங்க பாவமும் என் தலையில விடியும். பண்ணினது நீ. முடிவும் நீயே பண்ணிக்க."

முன்னால் யாரோ "எவ்வளவு நேரம்மா" என்று கூப்பிட்டார்கள். தங்கை போய் மூடியைத் திறந்து அடுத்த தாளை வைத்தாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடந்த வழியில் எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னது எதுவும் ரிஜிஸ்டரம்மா காதில் ஏறவில்லை. வாசலில் நுழையும்போது ஒன்றாம் வகுப்புக்கு விளையாட்டு நேரம். சாம்பல் பட்டியலில் பதினேழாவதாக இருந்த பொடியன் ஓடி வந்து, செருப்பு வார் அறுந்துவிட்டது என்று காலைத் தூக்கிக் காட்டினான். அவள் குனிந்து வாரில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு உள்ளே போனாள். மூன்று இருபதுக்கு எழுதி முடித்தாள். 'பெற்றோர் எவரும் கூறாமலும், எவருடைய சம்மதமும் பெறாமலும், என் விருப்பப்படி டிக் செய்தேன்.' கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அலுவலர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைப் படம் பிடித்து அனுப்பினார். பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்தை மறுபடி திறந்தபோது எழுபத்து நான்கு என்று இருந்தது. தலைமையாசிரியை 'சரி' என்று அழுத்திவிட்டு, உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சமையல்காரம்மா, "கும்பிட்ட சாமி கைவிடலை" என்றாள். ரிஜிஸ்டரம்மாவுக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. அதற்குள் நாற்பத்தொரு போனுக்கும் செய்தி போய்விட்டது. எழுத்தரின் வாக்குமூலத்தின்படி உங்கள் விண்ணப்பம் ரத்து செய்யப்பட்டது. இடம் கிடைக்காத முப்பத்திரண்டு வீட்டில் அதைப் படித்துவிட்டு, "அதான் கிடைக்கலையே, இன்னும் என்னத்தை ரத்து பண்றாங்க" என்று போனைக் கீழே வைத்திருப்பார்கள். என்ன போக இருந்தது, எப்படித் தப்பித்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. என்ன போனது என்று தெரிந்தவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டு தாய்மார் வாசலில் நின்றார்கள்.

"நாங்க என்ன பாவம் பண்ணினோம் உங்களுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "நம்பித்தானே உங்க கையில கொடுத்தோம்?"

"எங்க பிள்ளைங்க முன்னுக்கு வந்தா உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்றாள் இன்னொருத்தி. "உங்க பள்ளிக்கூடம் நிக்கணும்னா எங்க பிள்ளைங்கதான் முட்டுக் கொடுக்கணுமா?"

என் வீட்டுப் பிள்ளையும் அதில் போயிருக்கிறது என்று ரிஜிஸ்டரம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லையா, சொன்னால் கேவலம் என்று நினைத்தாளா, தெரியாது. திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

தங்கை வந்தது அப்போதுதான். கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று, "ஒன்பதுல ஒண்ணு என் பொண்ணு" என்றாள். "இவங்க என் அக்கா. எனக்கு வந்த மெசேஜும் உங்களுக்கு வந்த அதே மெசேஜ்தான்."

எட்டு பேரும் அவளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வயித்தெரிச்சல் என்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் பேசியவளுக்கு மட்டும் ஆறவில்லை. "அப்ப உங்களுக்கு எரியுறது எங்களுக்கும் எரியும்னு புரியுமில்ல" என்று சொல்லிவிட்டு மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"ரொம்ப நன்றிடி" என்றாள் ரிஜிஸ்டரம்மா.

"உனக்காகச் சொல்லலை. உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள் தங்கை. அக்கா முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

குட்டி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்ததும் வராததுமாக, "அம்மா, புது ஸ்கூலுக்கு வேன் நம்ம வீட்டு வாசலுக்கே வருமா, தெருமுனையில நிக்கணுமா?" என்று கேட்டாள்.

தங்கை அக்காவைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றாள்.

ரிஜிஸ்டரம்மா பிள்ளை உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள். "வேன் வராதும்மா. புது ஸ்கூல் இல்லை."

"ஏன் பெரியம்மா? என் பேருதான் விழுந்துச்சே."

சட்டத்தைச் சொல்லலாமா, அறுபதைச் சொல்லலாமா, முப்பத்திரண்டு பேரைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தேடினாள். எட்டு வயதுக்கு அதெல்லாம் எதற்கு? "நான் தப்பா எழுதிட்டேன்டா கண்ணு" என்றாள்.

குட்டி அழவில்லை. அவ்வளவுதானா என்பது போலப் பார்த்தாள். பையைக் கீழே வைத்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி ஒரு அழிரப்பரை எடுத்து நீட்டினாள்.

"அழிச்சிட்டுச் சரியா எழுதுங்க பெரியம்மா."